மயிலை மாட வீதியில் மழலைகள்

மயிலாப்பூர் என்றதும் என்ன நினைவு வருகிறது என்பது அவரவர் மனப்போக்கைப் பொறுத்த விஷயம். பக்திமான்களுக்குக் கபாலீசுவரர் கோயில் நினைவு வரும். சங்கீதப் பிரியர்களுக்கு மார்கழிக் கச்சேரி. போஜனப் பிரியர்களுக்குக் கோயிலைச் சுற்றியுள்ள சிற்றுண்டிச் சாலைகள். பழைய சென்னையை அறிந்தவர்களுக்கோ, ஒரு காலத்தில் லஸ் பக்கத்தில் பங்களா கட்டிக்கொண்டு வாழ்ந்த பெரிய வக்கீல்கள் நினைவு வருவார்கள். இவற்றைப் பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் அவ்வூரில் இன்னொரு வகைப் பிரஜைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரியாது. உயரமோ பெரும்பாலும் மூன்றடி, நாலடிக்கு மேற்படாது. ஏழு வயதுக்கு உட்பட்ட அந்தச் சின்னஞ்சிறு பிரஜைகளுக்கு மயிலாப்பூர் எப்படிப்பட்ட ஊர் என்று சற்றுப் பார்ப்போம்.

நமக்கு உபாத்தியாயர் உத்தியோகம். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பகலெல்லாம் பிறர் குழந்தைகளுடனும் மாலையில் சொந்தக் குழந்தைகளுடனும் பொழுது போகிறது. ஆகையால் மயிலாப்பூரின் ஸ்தலபுராணத்தில் நமக்குத் தனிப்பட்ட அபிமானம் உண்டு. கைலாசத்தில் சிவபெருமான் ஐந்தெழுத்தின் பொருளை உபதேசித்துக்கொண்டிருந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த உமாதேவியின் கவனம், அருகே ஆடிய ஒரு மயிலின்மீது சென்றுவிட்டதாம். அதன் பலனாகத் தேவி மயிலாகப் பிறந்து, இத்தலத்துப் புன்னை மரத்தடியில் பூஜை செய்து, சாபம் நீங்கப் பெற்றாளாம். பாடம் நடக்கும்போது வேடிக்கை பார்த்ததால் பெயர் பெற்ற ஊர் வேறெங்காவது உண்டா என்று நமக்குத் தெரியாது! இந்தக் கதையைச் சொல்லி எந்த மாணவனையும் நாம் கண்டித்ததில்லை. ஜகன்மாதாவுக்கே மயிலைக் கண்டால் கவனம் போகுமென்றால், ஐந்து வயதுக் குழந்தையைச் சொல்வானேன்? வெளியே பார்க்க வேண்டுமென்ற ஆசை குழந்தையுடன் பிறந்தது. பார்ப்பதற்கு வெளியே என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் பெரியவர்களாகிய நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி.

மாலை ஐந்து மணிக்கு நாலு வயதுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு மாட வீதியில் நடந்து பாருங்கள். பெரியவர் தனியே நடந்தால் சில நிமிஷங்களில் வீதியின் மறு கோடிக்குப் போய்விடலாம். குழந்தையுடன் போனால் அரை மணி வேண்டும். கிழக்குக் கோபுரம் 1906-இல் எழுந்தது, உயரம் சுமார் 120 அடி என்று நாம் சொல்ல ஆரம்பித்தால், அது குழந்தையின் காதில் ஏறாது. அதன் கண்கள் கோபுரத்தடியில் பூக்கட்டும் அம்மாளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாரும் மல்லிகையும் அந்த விரல்களுக்கிடையில் எப்படிச் சரமாகின்றன என்பது கோபுரத்தைவிடப் பெரிய அதிசயம் அல்லவா? அடுத்தாற்போல் பாத்திரக் கடை; அதற்கடுத்துக் கற்பூரமும் விபூதியும் விற்கும் கடை; அதன் பிறகு சொப்புக் கடை. அங்கே குழந்தை நின்றுவிட்டால் அதை நகர்த்துவது பிரம்மப் பிரயத்தனம்.

மரச் சொப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியாது. அடுப்பு, குடம், அம்மி, உரல், திருகை என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். மயிலைக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக இதைக் கொண்டு மண்ணில் சோறு பொங்கி, கல்லில் கறி சமைத்து, விருந்தாளிகளுக்குப் பரிமாறியிருக்கிறார்கள். குழந்தையின் அறிவு கையின் வழியாக வளர்கிறது என்று போதித்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள அடையாற்றில் தங்கி உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியளித்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1937-இல், மயிலாப்பூரில் குழந்தைகள் தோட்டப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அந்த அம்மையாரின் தத்துவத்தை நாம் பயிற்சிக் கல்லூரியில் புஸ்தகத்தின் மூலம் கற்றோம். சொப்பு வாங்கிக் கொடுத்த பாட்டிமார்கள் புஸ்தகம் இல்லாமலே அதை அறிந்திருந்தார்கள்.

ஆனால் வீதி குழந்தைக்குக் கொடுப்பதில் சாமான்கள் சிறு பகுதிதான். பெரும் பகுதியைக் கொடுப்பவர்கள் மனிதர்கள். பூக்காரம்மாள் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு முழத்தில் ஒரு விரற்கடை கூடவே கொடுக்கிறாள். தெரு முனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவர், "கரி அடுப்பு சுடும், தள்ளி நில்லு கண்ணு" என்று எச்சரிக்கிறார். பக்கத்து வீட்டு மாமி, எதிர் வீட்டுத் தாத்தா, மருந்துக் கடை அண்ணன், கீரை விற்கும் ஆயா ஆகிய இவர்களில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும், யாரிடம் கொஞ்சலாம், யாரிடம் வாலைச் சுருட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக் குழந்தை எந்த வகுப்பிலும் கற்பதில்லை. தெருவில் போகிற போக்கில் கற்கிறது. பத்து ரூபாய் கொடுத்தால் மீதி வாங்க வேண்டும் என்பதும், தனக்கு முன்னால் வந்தவருக்கு முதலில் கொடுப்பார்கள் என்பதும், தன்னைப் போன்ற வேறொரு குழந்தை செருப்பில்லாமல் நடக்கிறது என்பதும் வீதியில்தான் தெரிகின்றன. குழந்தை வளர்ப்பில் தாய்க்கு ஒரு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு என்றால், மூன்றாவது பங்கு தெருவுக்கு உரியது என்பது நம் கட்சி.

இந்த மூன்றாவது பங்கு நடந்துவந்த இடம் திண்ணை. தெருவை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளில் திண்ணை என்பது வீட்டுக்கும் வீதிக்கும் இடைப்பட்ட ஒரு சமஸ்தானம். தாத்தா அங்கே உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். பாட்டி அரிசியில் கல் பொறுக்குவாள். குழந்தை படியிலிருந்து குதித்துக்கொண்டிருக்கும். யாரும் குழந்தையைக் காவல் காப்பதாகத் தெரியாது. ஆனால் தெருவிலுள்ள அத்தனை கண்களும் அதன்மீது இருக்கும். அக்காலத்து ஆரம்பப் பள்ளிக்கே திண்ணைப் பள்ளிக்கூடம் என்றுதானே பெயர்? இப்போது அந்த வீடுகள் பெரும்பாலும் போய், அடுக்கு மாடிக் கட்டிடங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சௌகரியங்கள் உண்டு; அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால் திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. மூன்றாவது மாடியிலிருக்கும் குழந்தை தெருவுக்கு வர வேண்டுமானால், அதற்கென்று ஒரு பெரியவர் வேலையை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். முன்பு தானாக நடந்த காரியம் இப்போது ஏற்பாடு செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது.

ஏற்பாடு செய்வதற்கு அந்தப் பெரியவருக்கு நேரம் எங்கே? மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்றின் காலை வேளையைக் கவனியுங்கள். ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டைக் காய்ச்சுவதில் தொடங்கும் பரபரப்பு, ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட ஆட்டோவில் குழந்தையையும் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் ஏற்றும் வரையில் ஓயாது. எட்டரை மணிக்குத் தாயும் தந்தையும் தத்தம் காரியாலயங்களுக்குக் கிளம்புகிறார்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் குழந்தையின் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பள்ளி விட்டதும் குழந்தைக் காப்பகம். அங்கிருந்து இரவு ஏழு மணிக்கு வீடு. அந்தத் தாய் தந்தையரைச் சோம்பேறிகள் என்று யார் சொல்லக்கூடும்? உள்ளங்கையில் உயிரை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்.

இன்னொரு வீட்டையும் பார்க்க வேண்டும். மேற்படி குடும்பத்தில் பாத்திரம் தேய்க்க ஆறு மணிக்கே வந்துவிடும் அம்மாளுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். நாலு வீட்டு வேலை முடிந்து அவள் தன் வீட்டு அடுப்பை மூட்டுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இந்தக் குழந்தைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்த காலம் உண்டு. 1920-இல் சென்னை நகரசபை தன் பள்ளியொன்றில் மதிய உணவு தொடங்கியது, 1956-இல் காமராஜர் அதை மாகாணம் முழுவதற்கும் விரித்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக மேலும் பெருக்கினார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. மறு ஆண்டு அது தமிழ்நாட்டின் அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் குழந்தைக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு, "நாங்கள் போடுகிறோம்" என்று ஊரே பதில் சொன்ன சம்பவம் இது. ஊர் மனம் வைத்தால் பெற்றோருடன் மூன்றாவது தோளாக நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வயிற்றுக்குக் கிடைத்த இந்தத் தோள் காலுக்கும் கிடைக்க வேண்டாமா? ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடம்பை அசைத்து ஆட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அறிவித்தது. இரண்டு முதல் நாலு வயது வரையில் திரையின் முன் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மேல் கூடாது. குறைந்தால் உத்தமம் என்றும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. விஞ்ஞானிகள் இப்படிக் கணக்கிட்டுச் சொல்வதற்கு நூறாண்டுக்கு முன்பே நம் பாரதியார் பாப்பாவுக்குச் சொன்ன முதல் புத்தி விளையாட்டைப் பற்றியதுதான் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஆடுவதற்கு இடம்? மாட வீதியின் ஓரத்தில் இரு சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு தெருவின் நடுவே இறங்கினால் ஆட்டோவும் காரும் உரசிக்கொண்டு போகின்றன. லஸ் பக்கம் சுரங்க ரயில் வேலைக்காகச் சில ஆண்டுகளாகத் தகரத் தடுப்புகள் நிற்கின்றன. ரயில் வரட்டும்; அதனால் நாளைக்கு நன்மையே. ஆனால் இன்றைக்கு நாலு வயதாகும் குழந்தைக்கு நாலு வயது மறுபடி வராது. பாண்டி ஆடுவதற்குத் தெருவில் கட்டம் போட்டால் கட்டத்தின்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். பம்பரமும் கோலியும் கடையில் தொங்குகின்றன. விடுவதற்கு மண் இல்லை. கடைசியில் களைத்துப்போன தாய் சமையலை முடிக்க வேண்டி, செல்போனைக் குழந்தையின் கையில் கொடுக்கிறாள். குழந்தை அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. வீட்டில் நிசப்தம் நிலவுகிறது. அந்த நிசப்தத்தின் விலை என்ன என்பதை உபாத்தியாயர்கள் ஆறாவது வயதில் காண்கிறார்கள். திரையைத் தள்ளும் விரலுக்குச் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியவில்லை. யானையின் ஆங்கிலப் பெயர் தெரிகிறது. தோற்றால் அழாமல் மறு ஆட்டத்துக்கு நிற்கத் தெரியவில்லை. குழந்தைகள் மந்தமாகிவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. கூடி ஆடும் குழந்தைகள் தாமாகவே கற்றுக்கொள்ளும் பாடங்களை அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம் என்கிறோம்.

எல்லாம் போய்விட்டது என்று கையை விரிப்பதும் நியாயமல்ல. லஸ் சர்ச் ரோட்டில் நாகேசுவரராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் தைலத்தைக் கண்டு, ஆந்திர பத்திரிகையை நடத்தி, தேசத் தொண்டில் ஈடுபட்டு, 1938-இல் காலமான காசிநாதுனி நாகேசுவரராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய தோட்டம் அது. மாலையில் அங்கே சென்றால் ஊஞ்சலுக்குக் காத்திருக்கும் குழந்தைகளின் வரிசையைக் காணலாம். "இன்னும் பத்து ஆட்டம்தான்" என்று எண்ணிக்கொண்டே ஒரு குழந்தை ஆட, பின்னால் நிற்கும் குழந்தை சற்று வேகமாக எண்ணுகிறது! கணிதமும் நீதி சாஸ்திரமும் இங்கே ஒருமிக்கப் போதிக்கப்படுகின்றன. ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர் சிறுமியர் பாடும் கச்சேரிகளும் அங்கே நடந்து வந்திருக்கின்றன. கோயிலுக்கு மேற்கேயுள்ள திருக்குளமும் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த மாதங்களில் பொரி வாங்கிப் போட்டால் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு வரும். குழந்தைகளும் அவ்வாறே வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள்.

நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதியைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்கடுத்த விளாச்சேரி முதலிய இடங்களில் செய்த பொம்மைகள் வீதியோரத்தில் குவிந்திருக்கும். தசாவதாரமும், செட்டியார் கடையும், கல்யாண ஊர்வலமும், கிரிக்கெட் ஆட்டக்காரர்களும் தரையில் அமர்ந்திருப்பார்கள். உயரம் மூன்றடியாக இருப்பது இந்த ஒன்பது நாள் மட்டும் அனுகூலம். பெரியவர்கள் குனிந்து பார்ப்பதைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது பங்குனித் திருவிழா. அதன் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். அன்றைக்கு மாட வீதிகளில் வண்டி கிடையாது. காலை முதல் இரவு வரை வீதி கால்நடையாக வருபவர்களுக்கே சொந்தம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம். ஊதலும் பலூனும் பஞ்சுமிட்டாயும் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும். தந்தையரின் தோள்கள் அன்றைக்குக் குழந்தைகளின் சிங்காதனங்கள்.

அன்று நினைவுகூரப்படும் கதையும் ஒரு குழந்தையின் கதைதான். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை, பூக்கொய்யப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தாள். தகப்பனார் எலும்பைக் குடத்திலிட்டுக் காத்திருந்தார். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, பெண் உயிர் பெற்று எழுந்தாள் என்பது பெரிய புராணம். அந்தப் பதிகத்தில் சம்பந்தர் சொன்னது என்ன? வேதாந்தம் பேசவில்லை, படிப்பையோ செல்வத்தையோ எடுத்துக் காட்டவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவற்றைக் காணாமலா போய்விடுவாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். ஒரு குழந்தையை உயிரோடு இவ்வுலகில் இருக்க அழைப்பதற்கு அந்த ஞானக் குழந்தைக்குத் தோன்றிய காரணம், வீட்டுக்கு வெளியே பலரும் கூடிக் களிக்கும் காட்சிகள்தாம். இவ்வூரின் பழமையான பாட்டு ஒன்று இதைச் சொல்லியிருக்கும்போது, இவ்வூர்க் குழந்தையை நாலு சுவருக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது பொருத்தமாகுமா?

இங்கேதான் நம் வேண்டுகோளைச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்காக மாட வீதிகளில் வண்டிகளை நிறுத்துகிறோம். அதனால் எந்த வியாபாரமும் முழுகிப் போகவில்லை. எந்தக் காரியாலயமும் மூடப்படவில்லை. சுவாமிக்காக ஒரு நாள் முழுவதும் விட்டுக்கொடுக்க முடிந்த நமக்கு, குழந்தைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்க முடியாதா? பெரிய வீதிகூட வேண்டாம். மாட வீதியை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்று போதும். இரு கோடியிலும் இரண்டு நாற்காலி போட்டு இரண்டு தாத்தாக்கள் உட்காரட்டும். போலீஸ் அதிகாரிகளிடம் முறைப்படி அனுமதி வாங்கட்டும். நகரமே இவ்வழியில் திரும்பி வருகிறது. தியாகராயநகர்ப் பாண்டி பஜாரில் 2019-இல் வண்டிக்கு உரிய இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்கு அகலமான பாதை அமைத்தார்கள். ஒரு பெரிய கடை வீதியில் செய்ய முடிந்ததை ஒரு சின்னத் தெருவில் இரண்டு மணி நேரம் செய்வது அசாத்தியமல்ல.

அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம் என்று உபாத்தியாயர் என்ற முறையிலேயே கேட்டுக்கொள்கிறோம். போட்டி வைத்துப் பரிசு கொடுக்க வேண்டாம். படம் பிடிக்கவும் வேண்டாம். ஒரு கோலப்பொடி டப்பா, ஒரு பந்து, நாலு பம்பரம் இருந்தால் யதேஷ்டம். பாட்டிமார்கள் பல்லாங்குழியைக் கொண்டு வரட்டும். ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மூன்றாவது மாடிக் குழந்தை வரும்போது, அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் குழந்தையும் வர வேண்டும். அதை வரவழைப்பது வீட்டுக்காரர்களின் பொறுப்பு. பாண்டிக் கட்டத்துக்குள் நொண்டியடிக்கும்போது யார் வீட்டுக் கால் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. கேட்கக் கற்பதற்கு முன் அவர்கள் கூடி ஆடிவிட வேண்டும். இதற்கு மட்டும் காலம் தாழ்த்தினால் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்தாலும் ஈடு செய்ய இயலாது.

மயிலாப்பூரில் இல்லாத நேயர்களுக்கும் இது பொருந்தும். திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியோ, மதுரை மாசி வீதியை ஒட்டியோ, கும்பகோணத்துக் குளக்கரையிலோ குடியிருப்பவர்கள் தங்கள் தெருவை ஒரு முறை குழந்தையின் உயரத்திலிருந்து நோக்கட்டும். எத்தனை பேர் அந்தக் குழந்தையின் பெயரை அறிவார்கள் என்று எண்ணட்டும். எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்தால், அன்று மாலையே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தெருமுனைப் பூக்காரம்மாளிடமும் இஸ்திரிக்காரரிடமும் அதன் பெயரைச் சொல்லிவிட்டு வரலாம். அதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் தேவையில்லை.